காதில் அட்டை இல்லாத நாய்க்குட்டி

நாய்க்குட்டியின் முதுகைத் திறந்தால் உள்ளே ரோஸ் நிறச் சாட்டின் துணி. ஒரு சின்னக் கைமுட்டி நுழையலாம், அதற்குமேல் இடமில்லை. கழுத்துப் பட்டியிலிருந்து வால்வரை ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துத் தூக்கினால் நாய் நான்கு கால்களையும் தொங்கவிட்டபடி ஆடிக்கொண்டு வரும். தன்னை யார் எங்கே கொண்டுபோகிறார்கள் என்ற கவலை அதன் முகத்தில் துளியும் இல்லை. லண்டன் புறநகரில், தானமாக வந்த பழைய சாமான்களைத் தருமத்துக்காக விற்கும் ஒரு சாரிட்டிக் கடையில், துண்டு குறைந்த படப்புதிர்ப் பெட்டிகளுக்கும் மூக்குத் தேய்ந்த ஒரு முயலுக்கும் நடுவே கிடந்தது. விலை இரண்டு பவுண். என் தங்கையின் பேத்திக்காக வாங்கியது. அவளுக்கு நாலு வயது.

இதைப் பொம்மை என்று அடுக்குவதா, பை என்று அடுக்குவதா என்பது அந்தக் கடையில் வேலை செய்தவர்களுக்கே தீர்மானமில்லாமல் இருந்திருக்க வேண்டும். அதே மாதிரி வேறொன்று பெண்களின் கைப்பைகளோடு கொக்கியில் தொங்கியது. பஞ்சடைத்த விலங்குகளின் வரலாறே இப்படி ஒரு தடுமாற்றத்தில்தான் தொடங்குகிறது. தெற்கு ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற தையற்காரி இருந்தார். 1847இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 1880இல் அவர் துணியில் ஒரு குட்டி யானை தைத்தார். விளையாடுவதற்கல்ல, ஊசிகளைக் குத்திவைப்பதற்கு. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் அதைத் தாய்மாரின் தையற்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்த யானையின் பின்னால்தான் கரடியும் நாயும் குரங்குமாக ஸ்டைஃப் தொழிற்சாலையே வந்தது. அங்கே பெரியவர்களின் உபயோகப் பொருள் பொம்மையாயிற்று. இந்தக் கைப்பையில் பொம்மை உபயோகப் பொருளாகப் பார்க்கிறது.

ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குக் கைப்பையால் என்ன உபயோகம்? அவளிடம் காசு இல்லை, சாவி இல்லை, கைத்தொலைபேசி இல்லை. எங்கே போவது, எப்போது சாப்பிடுவது, எந்தச் சட்டை போடுவது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். அவளது உடுப்பு அலுமாரியைத் தாய் எந்த நேரமும் திறக்கலாம். பொம்மைப் பெட்டியைக் கேட்காமலே கவிழ்க்கலாம். சிப் வைத்த ஒரு பை கிடைக்கும்போதுதான் ஒரு பிள்ளைக்கு முதன்முதலாக மூடி வைக்க ஓர் இடம் வருகிறது. உள்ளே என்ன போகிறது என்பது அப்புறம். காலாவதியான பயண அட்டை, சொக்லேட்டின் வெள்ளித்தாள், பிரைட்டன் கடற்கரையில் பொறுக்கிய கல், தாய் இரண்டு கிழமையாகத் தேடிக்கொண்டிருந்த ஒற்றைத் தோடு. அந்த இடம் ஒரு நாயின் வயிறாகவும் இருப்பது வசதி. காவலும் பெட்டகமும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

இந்த வகைப் பைகள் கடைகளில் பெருகியதற்குப் பின்னால் ஹொலிவுட்டும் இருக்கிறது. 2001இல் வந்த ‘லீகலி பிளாண்ட்’ படத்தில் நாயகி ஒரு சிவாவா நாயைக் கையோடு கொண்டு திரிவாள். 2003இல் தொடங்கிய ‘தி சிம்பிள் லைஃப்’ தொலைக்காட்சித் தொடரில் பாரிஸ் ஹில்டனின் டிங்கர்பெல் என்ற சிவாவா அவரளவுக்கே பிரபலமானது. பைக்குள்ளிருந்து நாய்த்தலை எட்டிப் பார்ப்பது பணக்கார இளமையின் அடையாளமாகிவிட்டது. பொம்மைக் கம்பனிகள் சும்மா இருக்குமா? ஜெர்மனியின் சிம்பா நிறுவனம் கைப்பையும் சிவாவாவுமாக ‘சிச்சி லவ்’ என்று ஒரு வரிசையையே விற்றது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரியவர்களின் பகட்டுக்குப் பஞ்சடைத்த நகல்.

நிஜ நாய்களின் கதை அவ்வளவு மென்மையாக முடியவில்லை. 2009, 2010 வாக்கில் கலிஃபோர்னியாவின் நாய்க் காப்பகங்கள் கைவிடப்பட்ட சிவாவாக்களால் நிரம்பி வழிந்தன. அவற்றை விமானத்தில் ஏற்றி நியூயோர்க் வரைக்கும் அனுப்பிப் புது வீடு தேட வேண்டியிருந்தது. நாய் என்பது கிறிஸ்மஸ் பரிசு அல்ல, அதன் ஆயுள் முழுவதற்குமான பொறுப்பு என்று பிரித்தானியாவின் நாய்கள் பாதுகாப்புச் சங்கம் 1978இலேயே ஒரு வாசகம் எழுதி, அதைக் காரின் பின்கண்ணாடிகளில் ஒட்டவைத்தது. அந்த வாசகம் பொம்மை நாய்க்குப் பொருந்தாது. கிறிஸ்மஸுக்கு வந்து அடுத்த கோடைக்குள் போய்விடலாம். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். நாயும் ஊளையிடாது.

குற்றம் சொன்னது என் தங்கைதான். ஆனால் கொடுத்தவர்களை அல்ல, வாங்கிய என்னை.

“அண்ணை, ஆரோ பாவிச்ச சாமானை ஏன் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு வாறீங்கள்? எங்களிட்டைக் காசில்லையே?”

காசைப் பற்றிய பேச்சில் பழைய நினைவு கொஞ்சம் கலந்திருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டன் வந்த எங்களில் பலருடைய முதல் சோபாவும் முதல் குளிரங்கியும் இப்படிப்பட்ட கடைகளிலிருந்தும், ஞாயிறு காலையில் கார் டிக்கியைத் திறந்துவைத்து விற்கும் சந்தைகளிலிருந்தும் வந்தவை. அந்தக் காலத்தைக் கடந்து வந்ததற்குச் சாட்சி புதுப்பொருள். அதனால் பேத்தியின் கையில் பழையதைப் பார்க்கும்போது ஏறிய படி ஒன்று சறுக்கியதுபோல அவளுக்குத் தோன்றியிருக்கும். ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒக்ஸ்ஃபோர்டின் புரோட் வீதியில் ஒக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் தன் முதல் நிரந்தரக் கடையைத் திறந்த 1940களின் இறுதியிலிருந்து, பழையதை வாங்குவது அவர்களுக்குத் தரும காரியமாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் ஒரே நேரத்தில் இருந்துவருகிறது.

காசைத் தள்ளிவைத்தாலும் அவளது முகச்சுளிப்பில் மிச்சம் ஒன்று இருந்தது. எங்களுக்குப் பழையதே ஆகாது என்று சொல்ல முடியாது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. தோய்த்துத் தோய்த்து மென்மையான பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். தாயின் பழஞ்சேலையில் ஏணை கட்டுவோம். பெரியம்மா மகன் போட்ட சட்டை தம்பிக்கும், தம்பி போட்டது அடுத்த வீட்டுக்கும் போகும். எங்களுக்கு ஒவ்வாதது பழமை அல்ல, முகம் தெரியாத பழமை. வேட்டி யாருடையது என்று தெரியும். அவர் நல்லவர், நோய் நொடி இல்லாதவர், நீண்ட ஆயுள் உள்ளவர் என்று பார்த்துத்தான் அந்தத் துணியைத் தேர்வார்கள். சாரிட்டிக் கடை நாய்க்குட்டிக்கு அப்படி ஒரு மூதாதை இல்லை.

வேறொன்றும் இருக்கலாம். அவள் வாய்விட்டுச் சொல்லாதது என்பதால் நானாக ஊகிக்கிறேன். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளியேறிய இலட்சக்கணக்கானவர்களில் அவளது குடும்பமும் உண்டு. வீடு திறந்து கிடந்தது. உள்ளே இருந்தவற்றை அதற்குப் பிறகு யார் யார் பாவித்தார்களோ. தன் பிள்ளையின் சாமான் எங்கோ முகம் தெரியாத ஒருவர் வீட்டில் இருக்கும் என்ற எண்ணத்தோடு வாழ்ந்தவர்களுக்கு, முகம் தெரியாத இன்னொரு பிள்ளையின் சாமான் தம் வீட்டுக்குள் வருவது சாதாரண விஷயமாக இருக்காது. கிருமி என்று சொல்வது சுலபம். அவளும் கிருமி என்றுதான் சொன்னாள்.

நான் சொல்ல வந்தது இந்த முகமின்மையைப் பற்றித்தான். அது குறை அல்ல, பழைய பொம்மையின் தனிச்சிறப்பே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுப் பொம்மை கடையிலிருந்து ஒரு வாழ்க்கை வரலாற்றோடு வருகிறது. இதைத் தொடங்கிவைத்ததும் ஒரு வகையில் ஸ்டைஃப்தான். போலிகள் பெருகியதால் 1904 முதல் தங்கள் விலங்குகளின் காதில் ஓர் உலோகப் பொத்தானைக் குத்தி அனுப்பினார்கள். அது வெறும் முத்திரை. கதை சொல்வது பிற்பாடு வந்தது. 1983இல் அமெரிக்கக் கடைகளில் தாய் தகப்பன்மார் அடிபட்டுக்கொண்டு வாங்கிய ‘கபேஜ் பேட்ச்’ பொம்மைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயரோடும் தத்தெடுப்புப் பத்திரத்தோடும் வந்தன. அடுத்த ஓரிரு வருடங்களில் நாய்களின் முறை. சின்சினாட்டியில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த மைக் போலிங் என்பவர் உருவாக்கிய ‘பவுண்ட் பப்பீஸ்’ பொம்மையை டொங்கா நிறுவனம் விற்றது. தெருவில் பிடிபட்டுக் காப்பகத்தில் அடைபட்ட, கண்ணும் காதும் தொங்கிய நாய். வாங்குபவர் விலை கொடுப்பதில்லை, ‘மீட்டெடுக்கிறார்’. தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் பொருளுக்குக் கைவிடப்பட்ட கடந்தகாலம் ஒன்றைச் செய்துகொடுத்த கெட்டிக்காரத்தனத்தை வியக்காமல் இருக்க முடியாது. உண்மையிலேயே கைவிடப்பட்ட பொம்மைகள் ஒரு தெரு தள்ளிச் சாரிட்டிக் கடையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடந்தன. அவற்றுக்குச் சான்றிதழ் இல்லை.

பிறகு டை வார்னரின் ‘பீனி பேபீஸ்’. இதய வடிவில் ஒரு சிவப்பு அட்டை. அதைத் திறந்தால் அந்த விலங்கின் பெயர், பிறந்தநாள், நாலு வரிப் பாட்டு. தொண்ணூறுகளின் பிற்பாதியில் இது வளர்ந்தவர்களைப் பிடித்த பைத்தியமாயிற்று. அட்டை மடிந்தால் விலை விழும். அட்டை போனால் விலையே இல்லை. அட்டைக்கு உறைபோட்டுக் காக்க பிளாஸ்டிக் மூடிகள் தனியாக விற்றன. 1999இல் லாஸ் வேகாஸ் நீதிமன்றம் ஒன்றில், விவாகரத்தாகும் கணவனும் மனைவியும் நீதிபதிக்கு முன்னால் தரையில் குந்தியிருந்து பீனி பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரிக்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்தக் குவியலில் எந்தப் பொம்மையோடும் எந்தப் பிள்ளையும் உறங்கியிருக்காது என்று அடித்துச் சொல்லலாம். உறங்கியிருந்தால் அட்டை கசங்கியிருக்கும்.

2005இல் கனடாவின் கான்ஸ் நிறுவனம் ஒரு படி மேலே போனது. அவர்களது ‘வெப்கின்ஸ்’ பொம்மையின் அட்டைக்குள் ஓர் இரகசிய எண் இருக்கும். கணினியில் அதை அடித்தால் அதே விலங்கு திரையில் உயிர் பெறும். ஆனால் ஓர் எண் ஒருமுறைதான் செல்லும். ஆகவே பழைய வெப்கின்ஸ் விற்பவர்கள் ‘எண் இல்லாதது’ என்று முன்கூட்டியே சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். திரையில் இருந்த உயிர் முதல் பிள்ளையோடு போய்விட்டது. மிஞ்சியது வெறும் துணிநாய்.

வெறும் துணிநாய்! இரண்டாவது பிள்ளைக்கு வாய்த்த அதிர்ஷ்டம் இதைவிட வேறென்ன? நாங்கள் வாங்கிய பையின் காதில் ஒரு சின்னத் துளை மட்டும் இருக்கிறது. அட்டை தொங்கிய இடம். அதில் என்ன பெயர் இருந்தது, எந்த மாதம் பிறந்தது, எந்த இனம் என்பதெல்லாம் போய்விட்டன. கம்பனி அதற்கென்று எழுதிவைத்த வாழ்க்கையை முதல் பிள்ளை பிய்த்தெறிந்துவிட்டாள், அல்லது எறிந்தான். நாய் யாருமில்லாமல், எதுவுமில்லாமல் வந்திருக்கிறது. பெயர்வைக்கும் வேலை முழுவதும் எங்கள் பிள்ளையின் தலையில். அவள் அதைச் சிரமமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் ‘பிஸ்கட்’ என்றாள். பிறகு பாலர் வகுப்பில் ஒரு சிநேகிதியின் பெயரைச் சூட்டினாள், சண்டை வந்ததும் பறித்துக்கொண்டாள். நான் எழுதும் இந்த வாரத்தில் அதன் பெயர் ‘அக்கா’. ஆண் நாய் என்றும் சொல்கிறாள்.

காதட்டை போனாலும் இன்னொரு துண்டு மிஞ்சியிருக்கிறது. பின்காலுக்குப் பக்கத்தில் தையலோடு தையலாக, விரல் நீளத்தில் வெள்ளைச் சாட்டின் நாடா. இது சட்டத்தின் துண்டு. இதில் கற்பனைக்கு இடமில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் வாசித்தால் சிரிப்பு வரும். ‘முழுவதும் புதிய பொருட்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சட்டம் கேட்கும் வாசகம், பதிவெண்ணோடு. ஒரே பொருளை எல்லா நாட்டுக்கும் தைப்பதால் லண்டனில் விற்பதிலும் அது இருக்கும். ஒரு காலத்தில் மெத்தைக்குள்ளும் பொம்மைக்குள்ளும் அழுக்குக் கந்தலையும் யாரோ படுத்த பஞ்சையும் அடைத்து விற்றார்கள். அந்த மோசடிக்கு எதிராக எழுந்த சட்டங்களின் மிச்சம் இது. தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். “எழுதினா ஆச்சுதே?” என்றாள்.

அதே நாடாவில் ‘சிஇ’ என்ற இரண்டு எழுத்தும் இருக்கிறது. ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதி. பொம்மைகளுக்கு இது 1990இல் நடைமுறைக்கு வந்தது. இங்குள்ள சாரிட்டிக் கடைகளில் பெரும்பாலானவை இந்த எழுத்து இல்லாத பொம்மையை விற்பனைக்கு வைக்காது. எண்பதுகளில் ஒரு பாட்டி அருமையாக வைத்திருந்த கரடியைப் பேரன் கொண்டுவந்து கொடுத்தால், அதைச் சேகரிப்போருக்கான பழம்பொருள் என்று அலுமாரிக்குள் வைக்கலாம். பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாகாது. கொஞ்சம் கடுமைதான். ஆனால் காரணம் இல்லாமலில்லை. பழைய பொம்மைகளின் கண்கள் கம்பியில் குத்தியவை. பிடுங்கினால் கையோடு வரும், வந்தது வாய்க்குள் போகும். இன்றைய ஐரோப்பியத் தரத்தின்படி, பிடித்திழுக்கக்கூடிய பெரிய கண்ணொன்று 90 நியூட்டன் விசைக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். அதாவது ஒன்பது கிலோ அரிசிப் பையை அந்தக் கண்ணில் கட்டித் தொங்கவிட்டாலும் கழலக் கூடாது. எங்கள் நாயின் இடது கண்ணில் பற்குறி இருக்கிறது. கண் அசையவில்லை.

தங்கையின் கிருமிக்கும் தீர்வு இருந்தது. நாயைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒருநாள் முழுக்கக் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் வைத்து, பிறகு தோய்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு இங்கே வைத்தியர்கள் சொல்லும் வழி. பஞ்சுக்குள் இருக்கும் தூசிப்பூச்சி குளிரில் சாகும். உறைந்த முருங்கைக்காய்க்கும் தேங்காய்ப்பூப் பைக்கும் நடுவில் நாய் ஒருநாள் கிடந்தது. தங்கை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாளாம்.

தோய்ப்பதைப் பற்றி டொனால்ட் வின்னிகாட் ஓர் எச்சரிக்கை சொல்லியிருக்கிறார். பாடிங்டன் கிறீன் பிள்ளைகள் வைத்தியசாலையில் நாற்பது வருடம் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்தவர். 1951இல் பிரித்தானிய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரை, பிள்ளை இறுகப் பிடித்துக்கொண்டு திரியும் கந்தல் போர்வையையும் நாறும் கரடியையும் முதன்முதலாக மதிப்போடு பார்த்தது. அதைத் தோய்த்தால் பிள்ளையின் அனுபவத் தொடர்ச்சியில் ஒரு முறிவு விழும், அந்தப் பொருளின் அருமையே போய்விடக்கூடும் என்றார். தாய்மாருக்கு இது உள்ளூரத் தெரியும். அதனால்தான் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் தோய்த்த நாய்க்குட்டியில் முதல் பிள்ளையின் பங்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்தப் பங்கு அதற்கு வெகு முன்பே கழன்றிருக்கும். இதையும் வின்னிகாட்டே சொல்கிறார்: இத்தகைய பொருளைப் பிள்ளை மறப்பதுமில்லை, அதற்காக அழுவதுமில்லை. அது மெல்ல அர்த்தம் இழந்து எங்கோ ஒரு திரிசங்கு உலகத்துக்குப் போய்விடும். அந்தத் திரிசங்கு உலகத்துக்குத் தெருமுகப்பும் திறக்கும் நேரமும் உண்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருப்பார் என்பதை அவர் எழுதாமல் விட்டுவிட்டார்.

பிரிஸ்டலின் புரூஸ் ஹூட்டும் யேலின் பால் புளூமும் 2008இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். இரண்டு பெட்டி, சில விளக்கு, சில குமிழ். இது எந்தப் பொருளையும் அச்சொட்டாக நகலெடுக்கும் இயந்திரம் என்று மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரையான பிள்ளைகளை நம்பவைத்தார்கள். சாதாரண விளையாட்டுச் சாமான் என்றால் பிள்ளைகளில் அதிகமானோர் புது நகலையே எடுத்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை என்றால் பெரும்பாலும் பழையதையே திருப்பிக் கேட்டார்கள். சிலர் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே விடவில்லை. நகலில் அதே நூல், அதே கறை, எல்லாம் இருக்கும். ஆனாலும் அது அதுவல்ல. என் தங்கைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: பாவித்தவர் பொருளுக்குள் ஏதோ விட்டுப்போகிறார். தன்னுடையதென்றால் பிள்ளை அதைக் கேட்டு அழுகிறது, பிறத்தியாருடையதென்றால் பெரியவர்கள் உறைதட்டில் போடுகிறார்கள்.

எங்கள் பிள்ளைக்கு முதல் ஆளைப் பற்றி இப்போதைக்கு எதுவும் தெரியாது. கடை என்றால் பொருள் பிறக்கும் இடம் என்றே அவள் நினைக்கிறாள். தெரியவந்திருப்பது எங்களுக்கு. உறைதட்டிலிருந்து எடுத்துத் தோய்க்கப் போகும்போது என் மருமகள், அதாவது தங்கையின் மகள், பிள்ளையின் தாய், நாடாவைத் திருப்பிப் பார்த்தாள். சலவைக் குறிகளுக்குப் பின்னால் நீலப் பேனாவில் ஒரு பெயர். பாலர் பள்ளிக்குக் கொண்டுபோகும் எதிலும் பெயர் எழுதி அனுப்பச் சொல்வார்கள். ஒரு தாயோ தகப்பனோ அவசரத்தில் எழுதியிருக்க வேண்டும். முதல் எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும் நன்றாகத் தெரிகின்றன. நடுவில் மை கரைந்துவிட்டது.

“மாமா, இதை வெட்டி விடட்டே?” என்று கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டினால் ‘சிஇ’யும் போய்விடும், பிறகு எந்தக் கடையும் இந்த நாயை எடுக்காது என்றேன். அது உண்மை. அவள் யோசித்துவிட்டு, பிள்ளை அடுத்த வருடம் வாசிக்கப் பழகிவிடுவாள், இது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள். கேட்கட்டும் என்றேன். அடுத்த மாதம் பாலர் பள்ளியில் பொம்மை கொண்டுவரும் நாள் வருகிறது. இவளுடைய பெயரையும் எழுதியாக வேண்டும். நாடாவில் மிச்சம் இருக்கும் இடம் போதாது. தங்கைக்கு ஒரு யோசனை: சின்னத் துணித்துண்டில் தமிழில் எழுதி, காதுத் துளைக்குப் பக்கத்தில் தைத்துவிடலாமாம். பாலர் பள்ளி ஆசிரியை அதை எப்படி வாசிப்பாள் என்று மகள் கேட்க, இருவருக்கும் அதில் இன்னும் இழுபறி நடக்கிறது.